ஒரு பெயரைத் திருத்த எத்தனை பேர் இழப்பது?



ஒவ்வொரு வருடமும் எங்கள் பாடசாலையில் மேல் வகுப்புப் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களை நிரப்ப உட்காரும்போது, மேசையில் நான்கு அடுக்குகள் சேர்ந்துவிடும். முதல் அடுக்கில் எல்லாம் சரியாக இருக்கும் பிள்ளைகள். இரண்டாவது அடுக்கில், பாடசாலைப் பதிவேட்டில் ஒரு பெயரும் பிறப்புப் பத்திரத்தில் வேறு பெயரும் உள்ளவர்கள். மூன்றாவதில், சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட பிரதியோடு வருபவர்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான்காவது அடுக்கில் கடதாசியே இருக்காது. ஒரு துண்டில் பெயரை மட்டும் எழுதி வைத்திருப்போம்.

இம்முறை இரண்டாவது அடுக்கில் இருந்த ஒரு மாணவியின் கதையைச் சொல்ல வேண்டும். பாடசாலையில் அவள் சிவராணி. பிறப்புப் பத்திரத்தில் செல்வராணி. (இரண்டுமே அவளுடைய உண்மைப் பெயர் அல்ல, எழுத்துக்காக மாற்றியிருக்கிறோம்.) பிறந்த திகதியிலும் ஒரு வருட வித்தியாசம். அவளுடைய தாய் கொழுந்து எடுப்பவர். இதைச் சரிசெய்ய மூன்று முறை பிரதேச செயலகத்துக்குப் போனார். முதல் நாள், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அலுவலர் வெளியே கடமைக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள், பதிவு இலக்கம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். மூன்றாம் நாள், பிள்ளை பிறந்தது வேறு பிரிவில், அங்கே போங்கள் என்றார்கள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். பாடசாலைக்கு வந்து அந்த அக்கா எங்களிடம் சொன்னது இதுதான்: "மூணு பேரு போச்சு சேர். பேர மட்டும் மாத்த முடியல."

பிரட்டுக்களத்தில் நிற்கும் எவருக்கும் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. கந்தோருக்குப் போகும் நாளில் செக்ரோலில் பேர் விழாது. பஸ் காசு, போட்டோ கொப்பி, சத்தியக் கடதாசி எழுதும் செலவு எல்லாம் அதற்கு மேல். நகரத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அரைநாள் லீவு போட்டு முடிக்கும் ஒரு காரியத்துக்கு, நாட்சம்பளக்காரர் மூன்று நாள் கூலியைக் கட்டுகிறார்.

இந்தப் பத்தியில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பிறப்புப் பத்திரம் எடுப்பதும் திருத்துவதும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அலைந்து தீர்க்க வேண்டிய வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிட்டோம். அது பிழை. சம்பளத்தைப் போல, வீட்டைப் போல, இதுவும் சங்கத்தின் வேலை.

கடதாசி கேட்ட காலம்

"ஒரு கடதாசிக்கு இவ்வளவு கதையா?" என்று இளம் தோழர்கள் கேட்கலாம். நம் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டால் தெரியும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்தவனா என்று கேட்டது. இல்லையென்றால், தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்த ஒருவர், தன் பூட்டன் பிறந்ததற்குச் சான்று எங்கே தேடுவார்? அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பிப்பவர்கள் இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தம் முதுகில் சுமந்த மக்கள், நிரூபிக்க முடியாததால் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாடுகளுக்குப் பிரித்தது. மிச்சமிருந்த நாடற்றவர்களின் கணக்குத் தீர 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வரவேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று நாம் வாக்காளர்கள், பிரஜைகள். ஆனாலும் ஆவணம் இல்லாத ஒருவர் இன்றும் அதே வாசலில்தான் நிற்கிறார். அடையாள அட்டை, பரீட்சை, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டு உறுதி, சேமலாப நிதி என்று எல்லாவற்றின் அடியிலும் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. அடிக்கல் ஆடினால் மேலே வைத்ததெல்லாம் ஆடும். கடதாசியின் விலையை இந்த நாட்டில் நம்மைவிட அதிகமாகக் கொடுத்தவர்கள் குறைவு. அப்படியிருந்தும் அதை ஒழுங்காகப் பார்த்து வாங்கும் பழக்கம் இன்னும் நமக்குள் வரவில்லை.

பதிவு எங்கே கிடக்கிறது?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பிறப்பு, வாழும் இடத்தில் அல்ல, பிறந்த இடத்தில்தான் பதிவாகிறது. முன்பு லயத்திலும் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் பிள்ளை பிறந்தது. இன்று அரசாங்க வைத்தியசாலையில் பிறக்கிறது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போன இடத்தில் ஒன்று, பிரசவம் கடினம் என்று நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ கண்டிக்கோ அனுப்பப்பட்டதில் இன்னொன்று என்று, ஒரே காம்பராவில் வளரும் மூன்று பிள்ளைகளின் பதிவு மூன்று பிரிவுகளில் கிடக்கும். நாம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஒரே கந்தோருக்குப் போகிறோம்.

பிறந்த 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் அது காலங்கடந்த பதிவு. அதற்குத் தனி விண்ணப்பமும் சாட்சிகளும் வேண்டும். தோட்டத்தில் நடக்கும் பிறப்புக்குச் சட்டத்திலேயே தனி ஏற்பாடு உண்டு: பெற்றோர் தோட்ட அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அவர் பதிவாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை போகாமல் விட்ட தோட்டங்கள் இருந்தன. அதன் பலனை இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்கள் அனுபவிக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் திகதி. பிறப்புப் பத்திரத்தின் ஒரு பிரதியில் மூன்று திகதிகள் இருக்கும். பிள்ளை பிறந்த திகதி ஒன்று. பதிவு செய்த திகதி ஒன்று. இந்தப் பிரதியைக் கொடுத்த திகதி ஒன்று. கந்தோரில் "பதிவுத் திகதி என்ன?" என்று கேட்டால் நம் ஆட்கள் பிறந்த திகதியைச் சொல்கிறார்கள். அவர்கள் அந்தத் திகதியில் தேடிவிட்டு "இல்லை" என்கிறார்கள். பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்தால் பிரதி சீக்கிரம் கிடைக்கும், கட்டணமும் குறைவு. தெரியாவிட்டால் புத்தகம் புத்தகமாகத் தேட வேண்டும், அதற்குக் கட்டணமும் கூடும்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை இப்போது நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். ஆனால் பெயரையோ திகதியையோ திருத்த வேண்டுமானால் பதிவு உள்ள பிரிவுக்குத்தான் போக வேண்டும். பிரதி வேண்டுமா, திருத்தம் வேண்டுமா என்பதை வீட்டிலேயே தெளிவாக முடிவு செய்துவிட்டுப் போனால் ஒரு பேராவது மிஞ்சும்.

பெயர் மாறுவது எப்படி?

தாய் ஒரு பெயரைச் சொல்கிறார். தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதுகிறார். பிறகு இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார். கடைசியில் ஒருவர் அதைத் திரும்பத் தமிழில் எழுதுகிறார். மூன்று கை மாறியதில் மாரியாயி 'மாரியாய்' ஆகிறார், 'மரியா' ஆகிறார். தகப்பன் பெயரை முன்னால் போடும் நம் வழக்கம் புரியாமல், தகப்பன் பெயரே பிள்ளையின் பெயராக ஏறிவிடுவதும் உண்டு.

செக்ரோலில் இன்னொரு பெயர். கணக்கப்பிள்ளை மலையில் கூப்பிட்ட பெயர் அங்கே ஏறியிருக்கும். வேலை செய்யும் காலம் முழுவதும் அந்தப் பெயரில்தான் சேமலாப நிதி சேர்கிறது. பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது ஆனதும் அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் பிறப்புப் பத்திரத்தில் ஒருவர், அடையாள அட்டையில் ஒருவர், செக்ரோலில் ஒருவர் என்று மூன்று ஆட்கள் நிற்பது தெரியவரும். மூன்று ஆட்களும் ஒருவரே என்று நிரூபிக்கும் வரை காசு அசையாது. ஓய்வு பெற்ற பிறகு இந்த அலைச்சலோடு காலத்தைக் கழித்த மூத்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். காசு கைக்கு வருமுன் கண்ணை மூடியவர்களும் இருக்கிறார்கள்.

கலியாணப் பதிவையும் இங்கே சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சாப்பாடு போட்டுக் குடும்பமாகிவிடுகிறோம். பதிவாளரிடம் போவதில்லை. பிள்ளை பிறந்ததும், பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி வருகிறது. "இல்லை" என்று எழுதப்படுகிறது. விவாகப் பதிவு இல்லாத இடத்தில், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். தகப்பன் கொழும்பில் வேலையில் இருந்தால் அந்த இடம் வெறுமையாகப் போய்விடும். அந்த வெறுமையைப் பிள்ளை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சுமக்கிறது. பெரியவர்கள் தள்ளிப்போட்ட வேலைக்குப் பிள்ளை வெட்கப்பட வேண்டியிருப்பது அநியாயம்.

தமிழில் கேளுங்கள்

நம்மில் பலர் கருமபீடத்தின் முன்னால் நிற்கும்போது குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். மலையில் கங்காணியிடம் நேருக்கு நேர் பேசுகிற அக்காமார் அங்கே போனதும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். மொழி தெரியாத பயம்தான் காரணம்.

1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழிபற்றிய விதிகளை விரித்தது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையை ஒவ்வொரு தலைவரும் தலைவியும் படித்திருக்க வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும், ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் எழுதவும் கருமம் ஆற்றவும் பதில் பெறவும் உரித்துடையவர் என்று அது சொல்கிறது. சட்டப்படி பார்க்கவோ பிரதி எடுக்கவோ உரிமையுள்ள பதிவேட்டின் பிரதியை அல்லது அதன் மொழிபெயர்ப்பைத் தமிழில் பெறலாம் என்றும் சொல்கிறது. பிறப்புப் பதிவேடு அப்படிப்பட்டதுதான்.

நுவரெலியா மாவட்டத்திலும் பதுளையின் சில பிரிவுகளிலும் 1999இல் சிங்களம், தமிழ் ஆகிய இரண்டும் நிர்வாக மொழிகள் என்று பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே தமிழில் சேவை கேட்பது விசேட சலுகை அல்ல, அந்தக் கந்தோரின் சாதாரண கடமை. கேகாலை, இரத்தினபுரி, காலி, மாத்தறைத் தோட்டங்களில் சிறு தொகையாக வாழும் நம் மக்களுக்கும் 22ஆவது உறுப்புரை துணை நிற்கிறது. அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் கூடுதல் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

தமிழில் கிடைக்கவில்லை என்றால் சண்டை தேவையில்லை. "முடியாது என்பதை எழுதித் தாருங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். பிறகு, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். கொடுத்த விண்ணப்பம் என்ன ஆனது என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான். ஆள் பற்றாக்குறையில் இரண்டு பேரின் வேலையைச் செய்பவராக இருக்கலாம். அவரை எதிரியாக்குவது நம் நோக்கம் அல்ல. தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரை அந்த இடத்துக்கு நியமிக்காமல் விட்டவர்களைக் கேட்பதுதான் நோக்கம்.

எங்கள் பக்கத்துப் பிழை

மற்றவர்களைக் குறை சொல்லும்போது நம்மையும் பார்க்க வேண்டும். முதலில் ஆசிரியர்களாகிய எங்களைச் சொல்கிறோம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சரி. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டோம். ஆனால் "தீபாவளிக்கு முன்னால பொறந்தது" என்று தாய் சொன்னதை வைத்து ஒரு திகதியை ஊகித்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பிறகு அதைச் சரிபார்க்க மறந்துவிட்டோம். பத்து வருடம் கழித்து அந்த ஊகம்தான் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கிறது. சிவராணியின் ஒரு வருட வித்தியாசம் அப்படி வந்ததுதான். பிழை பிறப்புப் பத்திரத்தில் அல்ல, எங்கள் பதிவேட்டில்.

அடுத்து, சங்கங்களாகிய நாம். படிவம் நிரப்புவதையும் கந்தோருக்குக் கூட்டிப்போவதையும் ஒரு தயவாகவே நடத்திவந்தோம். "நான் வாங்கித் தாறேன்" என்று அசல் பத்திரத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்த தலைவர்கள் உண்டு. தேத்தண்ணிக் காசு வாங்கியவர்களும் உண்டு. தேர்தல் காலத்தில் மட்டும் படிவங்கள் வேகமாக நகர்ந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். உரிமையைத் தயவாக மாற்றினால், தயவு செய்பவரைச் சுற்றி ஆள் சேரும். சங்கம் வளராது.

"சங்கம் சம்பளத்துக்குப் போராட வேண்டும், கந்தோர் வேலை பார்ப்பதா?" என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் பதில்: சேமலாப நிதி என்பது பிந்திக் கிடைக்கும் சம்பளம். பெயர் பொருந்தாததால் அது நின்றுபோனால், போராடி வாங்கிய சம்பளம்தான் நின்றுபோகிறது. இரண்டும் ஒரே போராட்டம்.

தோட்டக் கமிட்டி செய்யக்கூடியவை

காசு செலவில்லாமல் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.

1. ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொருவரின் பெயரையும் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். பக்கத்தில் பதிவு இலக்கம், பதிவுத் திகதி, எந்தப் பிரிவு என்று குறியுங்கள். லயம் தீப்பிடித்தாலும் மண் சரிந்தாலும் இந்த ஒரு வரி இருந்தால் பிரதி எடுக்கலாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது உயிர்களும் வீடுகளும் புதைந்தன. தப்பியவர்களின் ஆவணங்களும் மண்ணுக்குள் போயின. கொப்பியை மாதர் தலைவி பூட்டி வைக்கட்டும். எந்தக் கட்சியின் பட்டியலுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது.

2. கர்ப்பிணித் தாய்மாரின் வீட்டுக்கு ஏழாம் மாதத்திலேயே போங்கள். ஆண் பெயர் ஒன்று, பெண் பெயர் ஒன்று முடிவு செய்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைக்கச் சொல்லுங்கள். சாத்திரியார் எழுத்துச் சொல்லும் வரை காத்திருந்து பெயர் இல்லாமல் பதிந்தால், பிறகு பெயரைச் சேர்க்க இன்னொரு விண்ணப்பம், இன்னும் சில பேர்.

3. பிரதி கைக்கு வந்ததும் கருமபீடத்தை விட்டு நகராதீர்கள். சிங்களம் தெரியாவிட்டால் "வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெயர், திகதி, ஆணா பெண்ணா, தாய் தகப்பன் பெயர் ஆகிய நான்கையும் அங்கேயே பாருங்கள்.

4. அசல் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். விண்ணப்பம் கொடுத்தால் பற்றுச்சீட்டு கேளுங்கள். கோப்பு இலக்கத்தையும் போன திகதியையும் கொப்பியில் எழுதுங்கள்.

5. பத்திரமே இல்லாதவர்கள், பதிவு உண்டா இல்லையா என்று முதலில் தேடுவிக்க வேண்டும். இல்லை என்று எழுத்தில் வந்த பிறகுதான் அடுத்த வழி திறக்கும்: காலங்கடந்த பதிவு, அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். தடுப்பூசி அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதகம், ஞானஸ்நானப் பத்திரம், சகோதரர்களின் பிறப்புப் பத்திரம் என்று வீட்டில் கிடக்கும் பழைய தாள் எதையும் எறியாதீர்கள்.

6. தனியாகப் போகாதீர்கள். ஒரே பிரிவில் வேலை உள்ள ஐந்தாறு பேர் ஒரு நாளைக் குறித்துச் சேர்ந்து போங்கள். படிவங்களை முதல் நாள் மாலையே பாடசாலையில் நிரப்பித் தருகிறோம். எங்கள் கதவு திறந்தே இருக்கும்.

நாம் கேட்பது

கமிட்டி எவ்வளவு செய்தாலும் சில காரியங்களை அரசும் கம்பனிகளும்தான் செய்ய வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை சமவாயம், பிள்ளை பிறந்த உடனேயே பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும், பிறப்பு பதிவு செய்யப்படுவதையும் பிறந்த நாளிலிருந்து ஒரு பெயர் இருப்பதையும் பிள்ளையின் உரிமை என்கிறது. அந்த உரிமைக்குத் தாய் மூன்று நாள் கூலி கட்ட வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறோம். வருடத்துக்கு இரண்டு முறையாவது பதிவாளர் பிரிவு அலுவலர்களும் சமாதான நீதவானும் சேர்ந்து தோட்டத்துக்கே நடமாடும் சேவையாக வர வேண்டும். வருபவர்களில் தமிழில் எழுத வாசிக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும். அன்று ஆவண வேலைக்காக வரும் தொழிலாளிக்குக் கம்பனி பேர் போட வேண்டும். நம் தாய்மார் பிள்ளை பெறும் வைத்தியசாலைகளில் பெயரைத் தமிழில் எழுதிப் பதியக்கூடிய பதிவாளர் இருக்க வேண்டும். தோட்டத்து அறிக்கை போகாததால் பதிவில்லாமல் போன மூத்தவர்களிடம் தேடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. கம்பனிகளோடு பேசும்போது சம்பளத்துக்கு அடுத்த வரியாக இதை எழுதும்படி நம் சங்கத்தின் தலைமையையும் கேட்டுக்கொள்கிறோம்.

நான்காவது முறை அந்த அக்கா தனியாகப் போகவில்லை. மாதர் தலைவியும் எங்களில் ஒருவரும், அதே வேலையுள்ள இன்னும் மூன்று குடும்பங்களும் போனோம். பதிவு உள்ள பிரிவுக்கே நேராகப் போனோம். பதிவு இலக்கத்தை, வீட்டில் ஒரு பழைய பால்மா டின்னுக்குள் மடித்து வைத்திருந்த பிரதியில் கண்டுபிடித்திருந்தோம். அக்கா விண்ணப்பத்தைத் தமிழில் கொடுத்தார். பற்றுச்சீட்டு கேட்டார். கிடைத்தது. பாடசாலைப் பதிவேட்டின் திகதியை நாங்கள் முறைப்படி திருத்தக் கொடுத்திருக்கிறோம். பெயர்த் திருத்தம் இன்னும் வரவில்லை. அது வந்து, அடையாள அட்டை வந்து, பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தன் பெயரில் உட்காரும் வரை விடப்போவதில்லை.

திரும்பி வரும் பஸ்சில் அக்கா கேட்டார்: "சேர், என்னோட பத்திரத்தையும் ஒருக்கா பாப்பமா? எனக்கும் அம்பது வரப்போகுது." கொப்பியின் முதல் பக்கத்தில் அவர் பெயரைத்தான் எழுதினோம். உங்கள் தோட்டத்துக் கொப்பியில் முதல் பெயர் யாருடையது?